கொத்தனாரின் லெவல் டியூபில் பலூனின் அழுத்தம்

எங்கள் அல்சூர் தெருவில் வீடு கட்டும் தர்மபுரிக் கொத்தனார்கள், டியூபில் தண்ணீர் நிரப்பி இரண்டு தூணுக்கும் மட்டம் பார்ப்பார்கள். இரண்டு வாயும் திறந்திருந்தால் தண்ணீர் இருபக்கமும் ஒரே உயரத்தில் நிற்கும். ஒரு வாயில் ஊதினால் அந்தப் பக்கம் இறங்கும், மறுபக்கம் ஏறும். அந்த உயர வித்தியாசம்தான் அழுத்தம். அழுத்தம் அளக்கும் கருவியான மானோமீட்டரில் இதற்கு மேல் மர்மம் எதுவும் இல்லை. பலூனின் அழுத்தத்தை அளக்க வீட்டிலேயே ஒன்று செய்து பார்ப்போம்.

ஹார்டுவேர் கடையில் 2 மீட்டர் லெவல் டியூப் வாங்குங்கள். பலகை, டெய்லர் டேப், ரப்பர் பேண்டு, பலூன், துளி கேசரிப் பவுடர் வீட்டிலேயே இருக்கும்.

முதலில் டியூபை 'ப' எழுத்தைப் போல வளைத்து, பலகையை நிமிர்த்தி வைத்துக் கட்டுங்கள். ஒவ்வொரு கையும் 70 செ.மீ. உயரம்; ஒரு பக்கம் மிச்ச டியூப் பலூனுக்காகத் தொங்கட்டும். நடுவில் டேப்பை ஒட்டுங்கள்.

அடுத்து, கலர் தண்ணீரைப் பாதி உயரம் வரை மெதுவாக ஊற்றுங்கள். இங்கேதான் பலரும் கோட்டை விடுவார்கள். உள்ளே ஒரு குமிழி மாட்டினாலும் அளவு பொய். கொத்தனார்கள் செய்வதுபோல் டியூபைச் சுண்டிச் சுண்டிக் குமிழியை மேலே ஏற்றி விடுங்கள். இரண்டு பக்கமும் சமமாக நின்றால் தயார்.

பலூனை ஊதி, கழுத்தை முறுக்கிப் பிடித்து, டியூப் வாயில் மாட்டி ரப்பர் பேண்டு போடுங்கள். பிறகு முறுக்கை மெல்ல அவிழுங்கள். பட்டென்று விட்டால் தண்ணீர் மறுவாய் வழியாக உங்கள் சட்டைக்குத்தான் வரும்.

கண்ணை நீர்மட்டத்துக்கு நேராக வைத்து, வளைந்து தெரியும் பரப்பின் அடிப்பகுதியைப் படியுங்கள். நான் முதல் தடவை ஏறிய பக்கத்தை மட்டும் அளந்து, 12 செ.மீ. என்று பெருமையாக எழுதி வைத்தேன். மறுபக்கமும் 12 இறங்கியிருந்தது! வித்தியாசம் 24.

அழுத்தத்தின் அலகு பாஸ்கல்; தண்ணீரில் 1 செ.மீ. என்பது சுமார் 98 பாஸ்கல். 24 செ.மீ. என்றால் ஏறக்குறைய 2.35 கிலோபாஸ்கல். பாதரசமாக இருந்தால் 1.8 செ.மீ.கூட நகராது, அது 13.6 மடங்கு கனம். சிறிய அழுத்தத்துக்குத் தண்ணீர்தான் வசதி, விஷமும் இல்லை.

இது வெளிக்காற்றைவிட எவ்வளவு அதிகம் என்ற கணக்கு மட்டுமே. மொத்த அழுத்தம் வேண்டுமானால் ஊர்க்காற்றையும் கூட்டுங்கள்: சென்னையில் சுமார் 101 கிலோபாஸ்கல், 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் நம் பெங்களூரில் 91 அளவில்தான்.

சமையல் கேஸ் ரெகுலேட்டரும் சுமார் 30 செ.மீ. தண்ணீர் அழுத்தத்தில்தான் கேஸ் விடுகிறது. ஆசையில் அடுப்பு டியூபைக் கழற்றிவிடாதீர்கள், அது மெக்கானிக் வேலை.

கடைசியாக, பலூன் காற்றில் பெரும்பகுதியை வெளியே விட்டுவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். காற்று குறைந்தும் தண்ணீர் அவ்வளவாக இறங்காது, சில சமயம் ஏறவும் செய்யும். பலூனில் முதல் மூச்சு ஊதத்தான் கன்னம் வலிக்கும், ஞாபகம் இருக்கிறதா?