டிரெய்லரில் சோலார் சார்ஜ் ஏறவில்லையா? ஏணியை அப்புறம் எடுக்கலாம்

அரிசோனாவில் குவார்ட்ஸைட் என்று ஒரு சிற்றூர். ஃபீனிக்ஸிலிருந்து மேற்கே ஐ-10 சாலையில் இரண்டு மணி நேர ஓட்டம். குளிர்காலம் வந்துவிட்டால் ஊரைச் சுற்றியுள்ள பாலைவனம் முழுக்க, வண்டியின் பின்னால் இழுத்துச் செல்லும் நடமாடும் வீடுகளான டிராவல் டிரெய்லர்களாக நிற்கும். கரண்ட் இணைப்பு கிடையாது, தண்ணீர்க் குழாய் கிடையாது, கூரைமேல் இருக்கும் சோலார் பேனல்தான் கதி. அங்கே ஒரு ஜனவரி இரவு, எங்கள் டிரெய்லரின் ஹீட்டர் விசிறி இரண்டு மணிக்கு நின்றுபோனது. விடிந்ததும் பேட்டரியில் மல்டிமீட்டரை வைத்தேன்: 11.7 வோல்ட், ஏறத்தாழக் காலி. முந்தைய நாள் முழுக்க வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

உடனே ஏணி போட்டுக் கூரையில் ஏறினேன். பேனல்களைக் கழுவினேன், துடைத்தேன், கனெக்டர்களை ஆட்டிப் பார்த்தேன், புதுப் பேனல் என்ன விலை என்று போனில் தேடினேன். அரை நாள் போயிற்று. கோளாறு இருந்ததோ கீழே, முன்பக்கப் பேட்டரிப் பெட்டிக்குள். ஃபியூஸ் ஹோல்டர் பச்சை பூத்துக் கிடந்தது. விரலை வைத்தால் சுட்டது.

பேனலைச் சந்தேகிப்பதுதான் எல்லாரும் செய்கிற முதல் தவறு. கண்ணுக்குத் தெரிவது அதுதானே. ஆனால் இந்த வரிசையில் சுலபத்தில் கெடாத பொருளும் அதுதான். பேனல், அதிலிருந்து வரும் கரண்ட்டைப் பேட்டரிக்கு ஏற்றபடி கட்டுப்படுத்தும் சார்ஜ் கண்ட்ரோலர், ஃபியூஸ், பேட்டரி என்று கரண்ட் போகும் பாதையில் எந்த இடத்தில் அது நிற்கிறது என்று அளந்து பார்க்க வேண்டும். அதற்கு ஒரு சாதாரண மல்டிமீட்டரும் பத்து நிமிடமும் போதும்.

இரண்டு இடத்தில் அளந்து பாருங்கள்

வெயில் நன்றாக இருக்கும்போது கண்ட்ரோலரின் பேட்டரி முனைகளில் வோல்டேஜ் பாருங்கள். உடனே பேட்டரியின் முனைகளிலேயே வைத்துப் பாருங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். அன்று எனக்குக் கண்ட்ரோலரில் 14.6, பேட்டரியில் 12.4. நடுவில் 2.2 வோல்ட் காணாமல் போயிருந்தது. இதில் ஒரு விபரீதம் உண்டு: கண்ட்ரோலர் தன் முனையில் 14.6-ஐப் பார்த்து, ‘சரி, பேட்டரி நிறைந்துவிட்டது’ என்று நம்பிக் கரண்ட்டைக் குறைத்துக்கொள்கிறது. திரையில் எல்லாம் அழகாக இருக்கும், பேட்டரி பட்டினி கிடக்கும்.

துரு இல்லாமலே மெல்லிய வயரும் இதே வேலையைச் செய்யும். 10 கேஜ் செம்பு வயருக்கு அடிக்குச் சுமார் ஒரு மில்லிஓம் தடை. கண்ட்ரோலர் பின்பக்கப் படுக்கையறையிலும் பேட்டரி முன்பக்கமும் இருந்தால் 30 அடி, போகவர 60 அடி. அதில் 20 ஆம்பியர் ஓடினால் 1.2 வோல்ட் வயரிலேயே போய்விடும். சுவரில் திரை அழகாகத் தெரியட்டும் என்று கண்ட்ரோலரை எங்கோ மாட்டுவதைவிட, பேட்டரிக்குப் பக்கத்தில் மாட்டுவதுதான் புத்திசாலித்தனம்.

வோல்டேஜ் மட்டும் பார்த்துத் திருப்தி அடைவதும் தவறு. கழற்றி வைத்த 100 வாட் பேனல் 21, 22 வோல்ட் காட்டும். பாதி விட்டுப்போன இணைப்பிலும் அதே அளவுதான் காட்டும், ஏனென்றால் கரண்ட் ஓடவில்லை. ஓடும்போது எத்தனை ஆம்பியர் என்பதே கேள்வி. வயரைக் கவ்வியே ஆம்பியரை அளக்கும் கிளாம்ப் மீட்டர் வாங்குவதானால் டிசி அளக்கக்கூடியதா என்று பார்த்து வாங்குங்கள். விலை குறைந்த பலவற்றில் கரண்ட்டுக்கு ஏசி மட்டும்தான் இருக்கும்.

கண்ட்ரோலரின் திரையே இருட்டாக இருந்தால் அது செத்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். பெரும்பாலான கண்ட்ரோலர்களுக்கு உயிர் வருவது பேனலிலிருந்து அல்ல, பேட்டரியிலிருந்து. ஃபியூஸ் போயிருக்கலாம், இல்லை பேட்டரி டிஸ்கனெக்ட் சுவிட்ச் அணைந்திருக்கலாம். சில டிரெய்லர்களில் கண்ட்ரோலரை அந்தச் சுவிட்சுக்கு அப்பால், பேட்டரி இல்லாத பக்கத்தில் இணைத்திருப்பார்கள். பயணம் முடிந்து வண்டியை நிறுத்தும்போது ‘பேட்டரி வீணாகாமல் இருக்கட்டும்’ என்று சுவிட்சை அணைத்தால், சார்ஜையும் சேர்த்து அணைத்தாயிற்று. மூன்று மாதம் வெயிலில் நின்ற வண்டியில் பேட்டரி செத்துக் கிடக்கும்.

கழற்றி மாட்டும்போது வரிசை முக்கியம். மாட்டும்போது முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல். 12, 24 வோல்ட்டைத் தானே கண்டுபிடிக்கும் கண்ட்ரோலருக்கு முதலில் பேனலைக் கொடுத்தால் தப்பாகக் கணித்துவிடலாம். பேனல்மேல் ஒரு தடித்த போர்வையைப் போட்டுவிட்டு வேலை செய்யுங்கள். கரண்ட் ஓடும்போது பேனல் வயரின் எம்சி4 கனெக்டரைப் பிடுங்கினால் பொறி பறக்கும்.

பக்கவாட்டுச் சாக்கெட்

புது டிரெய்லர்களின் வெளிச்சுவரில் ‘சோலார் ரெடி’ என்று எழுதிய ஒரு சாக்கெட் இருக்கும். பெயரைப் பார்த்து உள்ளே எல்லாம் தயார் என்று நினைத்துவிடுகிறோம். பலவற்றில் அது நேராகப் பேட்டரிக்குப் போகும் வெறும் வயர். அதில் கண்ட்ரோலர் இல்லாத பேனலைச் செருகினால் பேட்டரிக்குக் கட்டுப்பாடே இருக்காது. வேறு சிலவற்றில் அது உள்ளே ஒரு கண்ட்ரோலருக்குப் போகும். அங்கே, கண்ட்ரோலர் பொருத்தியே வரும் மடக்குப் பேனலைச் செருகினால் இரண்டு கண்ட்ரோலர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்று ஒன்றையொன்று குழப்பும். ஒரு பேனலின் பாதையில் ஒரே ஒரு கண்ட்ரோலர்தான் இருக்கலாம். கூரைப் பேனலுக்கு ஒன்று, தரையில் வைக்கும் பேனலுக்கு ஒன்று என்று தனித்தனியாகப் பேட்டரியில் சேர்த்தால் பிரச்சினை இல்லை.

இன்னொன்று: எஸ்ஏஇ என்னும் இரண்டு முனைச் சாக்கெட்டில் பிளஸ், மைனஸ் எல்லாத் தயாரிப்பாளரிடமும் ஒரே பக்கம் இருக்காது. செருகும் முன் மீட்டர் வைத்துப் பாருங்கள்.

பெரிய பேனல், சிறிய கண்ட்ரோலர்

வீட்டுக் கூரையில் போடும் 300 வாட் பேனல் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிப் போடுகிறவர்கள் நிறைய. அது சுமார் 32 வோல்ட்டில் 9 ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல் தரும். அதோடு பிடபிள்யூஎம் வகைக் கண்ட்ரோலரைச் சேர்த்தால், அது பேனலைப் பேட்டரியின் வோல்டேஜுக்கே இழுத்துவிடும்: 9 ஆம்பியர், 13 வோல்ட், ஆக சுமார் 120 வாட். மிச்சம் வெயிலோடு போயிற்று. உயர்ந்த வோல்டேஜைக் கூடுதல் ஆம்பியராக மாற்றத் தெரிந்தது எம்பிபிடி வகைதான். பேனல் வாங்க எடுத்து வைத்த காசில் ஒரு பகுதியை முதலில் இதற்கு ஒதுக்கலாம்.

பேட்டரியின் மனசு

ஊரில் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிப் பழகியவர்களுக்கு ஈய-அமில பேட்டரியைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சில மணி நேரம் சும்மா இருந்த பிறகு 12.6 காட்டினால் நிறைவு, 12.1 என்றால் ஏறத்தாழப் பாதி. சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது பார்க்கும் எண்ணுக்கு அர்த்தம் வேறு. பாதியிலேயே வாரக்கணக்கில் விட்டால் தகடுகளில் சல்பேட் படிந்து கெட்டியாகிவிடும். அதற்கப்புறம் எவ்வளவு வெயில் கொடுத்தாலும் கொள்ளாது.

லித்தியத்துக்கு மாறியவர்கள்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி 13.2 காட்டினால் பழைய கண்ணுக்கு அது ‘ஃபுல்’. உண்மையில் பெரும்பகுதி நேரம் அது 13 வோல்ட்டைச் சுற்றியேதான் நிற்கும், பிறகு திடீரென்று விழும். வோல்டேஜை வைத்து இருப்பைக் கணிக்க முடியாது. பேட்டரிக்குள் வருவதையும் போவதையும் எண்ண மைனஸ் வயரில் மாட்டும் ஷன்ட் என்ற பாகம் வைத்த மானிட்டர் வேண்டும். ஷன்ட் மாட்டும்போதும் ஒரு தவறு காத்திருக்கிறது. சோலாரின் மைனஸ் வயரை நேராகப் பேட்டரியில் விட்டுவிட்டால் வரவு எதுவும் கணக்கில் ஏறாது. மானிட்டர் செலவை மட்டும் கழித்துக்கொண்டே போகும், நீங்கள் பேனலைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். எல்லா மைனஸும் ஷன்ட்டின் மறுபக்கத்தில்தான் சேர வேண்டும்.

அடுத்தது குளிர். 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்யக் கூடாது. உள்ளே உலோக லித்தியம் படிந்து நிரந்தரமாகக் கெடும். அதனால் பெரும்பாலானவற்றில் உள்ளிருக்கும் பாதுகாப்புச் சர்க்யூட் சார்ஜை வெட்டிவிடும். 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஃபிளாக்ஸ்டாஃபில் ஜனவரிக் காலை எட்டு மணிக்குப் பேனலில் வெயில் இருக்கும், பேட்டரிக்குள் ஒரு ஆம்பியர் போகாது. வெயில் ஏறிப் பேட்டரி சூடானதும் தானாகத் தொடங்கும். கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்பும் முன் தெர்மாமீட்டரைப் பாருங்கள். கண்ட்ரோலரில் பேட்டரி வகையையும் மாற்றியிருக்கிறீர்களா என்று பாருங்கள். ஈய-அமிலத்துக்கான வெப்பநிலைத் திருத்தம் குளிரில் வோல்டேஜை உயர்த்தும். லித்தியத்துக்கு அது ஆகாது.

கோளாறே இல்லாத கோளாறு

கேம்ப்கிரவுண்டில் கரண்ட் செருகியிருக்கும்போது சோலார் பூஜ்யம் காட்டுகிறது என்று பதறுவோர் உண்டு. உள்ளே இருக்கும், ஏசி கரண்ட்டை டிசியாக மாற்றிப் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் கன்வெர்ட்டர் ஏற்கெனவே பேட்டரியை நிறைத்து வைத்திருக்கிறது. பேனலுக்கு வேலை இல்லை. செருகியதைப் பிடுங்கிவிட்டு, விளக்குகளையும் விசிறியையும் போட்டுப் பாருங்கள். ஆம்பியர் ஏறினால் எல்லாம் நலம்.

இதற்கு நேர் எதிரான வேடிக்கையும் உண்டு. டிரெய்லரின் மெயின் வயரை இன்வெர்ட்டரில் செருகி எல்லாச் சாக்கெட்டுக்கும் கரண்ட் கொண்டுவருவார்கள். அப்போது கன்வெர்ட்டரும் விழித்துக்கொண்டு, பேட்டரியிலிருந்து கரண்ட்டை எடுத்து அதே பேட்டரிக்குச் சார்ஜ் செய்யும். ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் வெப்பமாகப் போகும். கன்வெர்ட்டரின் பிரேக்கரை அணைக்க மறந்தால் மாலைக்குள் பேட்டரி காலி.

நிழலையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். கூரை ஏசியின் நிழல் ஒரு பேனலின் ஓரத்தில் விழுந்தாலே அதிலிருந்து வரும் கரண்ட் பாதியைவிடக் குறைந்துபோகலாம். நிழலைவிடச் சூரியனின் சாய்வு பெரிய திருடன். குவார்ட்ஸைட்டில் டிசம்பர் கடைசியில் உச்சிவேளைச் சூரியனே தொடுவானத்திலிருந்து 33 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். தட்டையாகக் கிடக்கும் பேனலில் நேர்வெயில் பாதியளவுதான் விழும்.

ஃபியூஸ் ஹோல்டரை மாற்றிய அடுத்த ஜனவரி, அதே பாலைவனத்தில் மறுபடியும் இரவில் விசிறி நின்றது. இந்த முறை ஏணியை எடுக்கவில்லை. கண்ட்ரோலரிலும் பேட்டரியிலும் ஒரே வோல்டேஜ். நண்பகலில் ஆம்பியர் ஒழுங்காக ஓடியது. பிறகு காகிதத்தில் கணக்குப் போட்டேன். தட்டையான 200 வாட் பேனல், குளிர்கால வெயில், நாளுக்கு உருப்படியாக மூன்று மணி நேரம் என்று வைத்தால் 600 வாட்-மணி. இழப்புப் போக 40 ஆம்பியர்-மணி சொச்சம். ஹீட்டர் விசிறி 7 ஆம்பியர், இரவில் நின்று நின்று ஓடியதைக் கூட்டினால் ஏழு மணி நேரம், அதுவே 49. இதில்லாமல் எரிவாயுக் கசிவு டிடெக்டர், ரேடியோ, ஃபிரிட்ஜின் போர்டு என்று யாரும் கவனிக்காமல் இழுப்பவை அரை ஆம்பியர் இழுத்தால் 24 மணி நேரத்தில் இன்னொரு 12.

பேனலைத் தெற்கே சாய்த்து வைக்க இரண்டு அலுமினியக் கால்கள் வாங்கினேன். ஹீட்டரை இரவில் 58 டிகிரி ஃபாரன்ஹீட்டில் வைத்தோம். வீட்டிலிருந்து இன்னொரு கம்பளியை மனைவி எடுத்து வந்தாள்.