கைக்கடிகாரத்துக்கு விண்வெளித் தேர்வு: பள்ளி ஆய்வகத்திலும் கிணற்றடியிலும் செய்து பார்க்கும் முறை

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இயற்பியல் கற்பிக்கும் எனக்கு, கைக்கடிகாரத்தைப் பற்றி மாணவர்களிடம் பேசுவது எளிது. டாட்டா குழுமமும் தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோவும் கூட்டாக 1984-இல் தொடங்கிய டைட்டன் நிறுவனத்தின் தொழிற்சாலை ஓசூரில் இருப்பதால், வகுப்பில் யாராவது ஒருவரின் அக்காவோ மாமாவோ கடிகாரத் தொழிலில் இருப்பார். "சார், இந்த வாட்ச் நிலாவுக்குப் போனா ஓடுமா?" என்று ஒரு மாணவி கேட்டபோது, வாயால் பதில் சொல்வதைவிடச் செய்து பார்ப்பதே சரி என்று தோன்றியது. அப்படி நாங்கள் செய்த முறையை, வேறு பள்ளிகளிலும் செய்து பார்க்க உதவும் என்ற எண்ணத்தில் இங்கே விளக்குகிறேன்.

முதலில், உண்மையான தேர்வு எப்படி நடந்தது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1964-இல் நாசா, விண்வெளி வீரர்கள் அணிவதற்கான குரோனோகிராஃப் (ஸ்டாப் வாட்ச் வசதியுள்ள) கடிகாரங்களைக் கடிகார நிறுவனங்களிடம் கேட்டது. அனுப்பியவர்களில் ஒருவரான ஹாமில்டன் சட்டைப்பைக் கடிகாரத்தை அனுப்பியதால் விலக்கப்பட, ரோலக்ஸ், லாஞ்ஜின்ஸ்-விட்னாவர், ஒமேகா ஆகிய மூன்று மட்டும் சோதனைக்கு வந்தன. பொறியாளர் ஜேம்ஸ் ராகன் பொறுப்பில் பதினொரு சோதனைகள் நடந்தன. ரோலக்ஸ் ஈரப்பதச் சோதனையில் இருமுறை நின்றது. வெப்பச் சோதனையில் அதன் வினாடி முள் வளைந்து மற்ற முட்களில் சிக்கிக்கொண்டது. லாஞ்ஜின்ஸின் கண்ணாடி வெப்பத்தில் நெளிந்து கழன்றது. ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் காற்றழுத்தம் நீக்கும் சோதனையில் 21 நிமிடம் முந்தியது, முடுக்கச் சோதனையில் 15 நிமிடம் பிந்தியது, டயலில் பூசியிருந்த ஒளிரும் பூச்சையும் இழந்தது. ஆனாலும் எல்லாம் முடிந்தபின் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. 1965 மார்ச் 1 அன்று அதற்கு ஒப்புதல் கிடைத்தது. அதே மாதம் 23-ஆம் தேதி ஜெமினி 3 கலத்தில் அது பறந்தது.

இந்த முடிவுதான் நம் வேலைக்கு வழிகாட்டி. கால் மணி நேரத்துக்கு மேல் தவறிய கடிகாரம் எப்படித் தேர்வாயிற்று என்று மாணவர்கள் வியப்பார்கள். சோதனை நடக்கும் வேளையில் தடுமாறுவது வேறு, சோதனைக்குப் பின் பயன்படாமல் போவது வேறு என்ற வேறுபாட்டை அங்கேதான் அவர்கள் புரிந்துகொள்கிறார்கள். ஆகவே எதையும் தொடங்குமுன், எது தோல்வி என்பதை நோட்டில் எழுதிவிடுங்கள். நாங்கள் எழுதியவை நான்கு: நின்றுபோதல், முள் சிக்குதல், கண்ணாடி கழலுதல் அல்லது உட்புறம் பனித்தல், சோதனைக்குப் பிந்தைய ஒரு நாளில் முன்பு ஓடிய வேகத்திலிருந்து ஒரு நிமிடத்துக்கு மேல் மாறுதல். நாசா கேட்டது 24 மணி நேரத்தில் 5 வினாடிக்குள் பிழை; பழைய கடிகாரத்திடம் அதை எதிர்பார்ப்பது நியாயமன்று. எல்லையைப் பின்னால் எழுதினால், கைக்குப் பிடித்த கடிகாரத்துக்காக அதைத் தளர்த்தத் தோன்றும், எங்களுக்கும் தோன்றியது.

கடிகாரம், சாவி கொடுத்து ஓடும் பழைய வகையாக இருக்கட்டும். செல் போட்ட கடிகாரத்தை அதிக வெப்பத்தில் வைத்தால் செல் கசியக்கூடும். எண்கள் காட்டும் வகையின் திரை கடுங்குளிரில் மந்தமாகிவிடும். ஒரே கடிகாரமே எல்லாச் சோதனைகளையும் வரிசையாகக் கடக்க வேண்டும், ஏனெனில் வெப்பம் தளர்த்திய ரப்பர் வளையத்தின் குறை தண்ணீரில்தான் வெளிப்படும். முதலில் மூன்று நாள் எந்தச் சோதனையும் செய்யாமல், தினமும் ஒரே நேரத்தில் முழுச் சாவி கொடுத்து, டயல் மேல்நோக்கியிருக்குமாறு மேசையில் வைத்து, கைபேசியின் நேரத்தோடு ஒப்பிட்டு நாளொன்றுக்கு எத்தனை வினாடி முந்துகிறது அல்லது பிந்துகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வைக்கும் நிலையை மாற்றக் கூடாது. கடிகாரத்துக்குள் இங்குமங்கும் ஆடி வேகத்தைக் கட்டுப்படுத்தும் பாலன்ஸ் வீலின் எடை ஒரு பக்கம் சிறிது கூடியிருந்தாலும், புவியீர்ப்பு அதை இழுப்பதால் கடிகாரத்தை நிறுத்தி வைக்கும்போது ஒரு வேகமும் படுக்க வைக்கும்போது வேறு வேகமும் வரும். எடையற்ற நிலையில் இந்தக் குறை மறைந்துவிடும் என்பதை மாணவர்களிடம் சொல்லத் தவறாதீர்கள்.

வெப்பத்துக்குப் பள்ளி அல்லது கல்லூரி ஆய்வகத்தின் ஹாட் ஏர் ஓவன் போதும். நாசாவின் அளவு 71 டிகிரி செல்சியஸில் 48 மணி நேரம், பிறகு 93 டிகிரியில் 30 நிமிடம். இரவில் ஆளில்லாமல் ஓவனை ஓட விடக் கூடாது என்பதால், நாங்கள் 71 டிகிரியில் பகலில் ஆறு மணி நேரமாக இரண்டு நாள் மட்டும் வைத்தோம். குளிருக்கு வீட்டு ஃப்ரீசரே சரியான கருவி, ஏனெனில் நாசாவின் அளவான மைனஸ் 18 டிகிரியில்தான் வீட்டு ஃப்ரீசர்கள் பெரும்பாலும் இயங்குகின்றன. ஜிப் பையில் போட்டு நான்கு மணி நேரம் வைத்து, வெளியே எடுத்தபின் பையைத் திறக்காமல் அறை வெப்பத்துக்கு வர விடுங்கள். திறந்தால் வெளிக்காற்றின் ஈரம் கடிகாரத்தின் மேல் படிந்து சோதனையைக் கெடுக்கும். அசல் தேர்வில் வெற்றிடத்துக்குள்ளேயே 45 நிமிடம் சூடு, 45 நிமிடம் குளிர் என 15 சுற்றுகள் நடந்தன. பூமியை அருகில் சுற்றும் கலத்துக்கு ஒரு சுற்று ஏறத்தாழ 90 நிமிடம் என்பதை இதோடு சேர்த்துச் சொன்னால், வெயிலும் நிழலும் மாறி மாறி வரும் அந்தப் பயணம் மாணவர்களின் கண்முன் வரும்.

ஈரப்பதச் சோதனை எளிது, ஆனால் பொறுமை வேண்டும். நாசாவின் அளவு, குறைந்தது 95 சதவீத ஈரப்பதத்தில் ஏறத்தாழ பத்து நாள். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் நனைத்த பருத்தித் துணியை விரித்து, கவிழ்த்த டம்ளரின் மேல் கடிகாரத்தை வையுங்கள். காலையில் சாவி கொடுக்க மட்டும் திறந்து உடனே மூடுங்கள்.

அதிர்ச்சிச் சோதனையில்தான் கணக்கு இனிக்கிறது. அசல் அளவு, 11 மில்லி வினாடி நீளமுள்ள 40 ஜி (அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 40 மடங்கு) அதிர்ச்சி, ஆறு முறை, வெவ்வேறு திசைகளில். அந்த அதிர்ச்சியை அரைச் சைன் அலையாகக் கொண்டால் வேகமாற்றம் வினாடிக்கு சுமார் 2.75 மீட்டர் வருகிறது. அது 38 செ.மீ. உயரத்திலிருந்து விழும் பொருளின் வேகம். ஆகவே 38 செ.மீ. உயரத்திலிருந்து, ஏறத்தாழ ஒன்றரை செ.மீ. அமுங்கக்கூடிய ஃபோம் மெத்தையில் விட்டால் போதும். உயரம் இவ்வளவு குறைவா என்று எண்ணி மெத்தையை எடுத்துவிடாதீர்கள். நம் மாவட்டத்துக் கிரானைட் தரையில் அதே உயரத்திலிருந்து விழுந்து அரை மில்லிமீட்டருக்குள் நின்றால், சராசரி அதிர்ச்சியே 700 ஜிக்கு மேல் போய்விடும்.

முடுக்கத்துக்குச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துங்கள். பின்சக்கரத்தின் கம்பிகளில், அச்சிலிருந்து 30 செ.மீ. தூரத்தில் கடிகாரத்தைத் துணியால் இறுகக் கட்டி, நேர் எதிரே அதே எடையுள்ள கல்லையும் கட்டுங்கள். நாசா 333 வினாடிக்குள் 1 ஜியிலிருந்து 7.25 ஜி வரை உயர்த்தியது. 30 செ.மீ. ஆரத்தில் அதற்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 147 சுற்று வேண்டும். சாதாரண சைக்கிளில் பெடலை வினாடிக்கு ஒரு சுற்று கையால் சுற்றினால் கிட்டத்தட்ட அந்த வேகம் வந்துவிடும். ஐந்தரை நிமிடத்தில் மெதுவாக அந்த வேகத்துக்கு வாருங்கள்; சக்கரத்தின் நேர்க்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது.

வெற்றிடம் நம்மால் முழுமையாக எட்ட முடியாதது. அசல் தேர்வில் வளிமண்டல அழுத்தத்தின் பத்து லட்சத்தில் ஒரு பங்குவரை காற்றை நீக்கினார்கள். பள்ளி மணிச்சாடியும் கைப்பம்பும் பத்தில் ஒரு பங்குவரை கொண்டுபோனாலே பெரிது. ஆயினும் கண்ணாடியைப் பொறுத்தவரை அது பெரும்பகுதிச் சோதனையே ஆகும். 3 செ.மீ. விட்டமுள்ள கண்ணாடியின் பரப்பு ஏழு சதுர செ.மீ.; உள்ளே அடைபட்ட காற்று வெற்றிடத்தில் அதை ஏழு கிலோவுக்கு மேலான எடைக்கு நிகராக வெளியே தள்ளும். நம் சாடியில் அதன் பத்தில் ஒன்பது பங்கு கிடைத்துவிடுகிறது. 1971-இல் அப்போலோ 15 வீரர் டேவிட் ஸ்காட்டின் கடிகாரக் கண்ணாடி நிலவிலேயே கழன்று போனதால், அவர் கடைசி நடைக்கு வேறொரு கடிகாரத்தை அணிய நேர்ந்தது. எண்ணெய் ஆவியாவதையும், காற்றில்லாமல் வெப்பம் கடத்தப்படாமல் தேங்குவதையும் மட்டும் இந்தச் சாடியில் காண முடியாது. தூய ஆக்சிஜனில் 48 மணி நேரம் வைக்கும் சோதனையையும், 130 டெசிபெல் ஒலிச் சோதனையையும் பள்ளியில் செய்யவே கூடாது. முன்னது தீ விபத்துக்கு வழி, பின்னது காதைக் கெடுக்கும். அதிர்வுச் சோதனைக்குப் பவர் டில்லரின் கைப்பிடியில் அரை மணி நேரம் கட்டிப் பார்த்தோம். 2000 ஹெர்ட்ஸ் வரை செல்லும் அசலுக்கு அது ஈடாகாது.

உயர் அழுத்தத்துக்குக் கிணறு இருக்கிறது. 1.6 வளிமண்டல அழுத்தத்தில் ஒரு மணி நேரம் என்பது நாசாவின் அளவு. ஆறு மீட்டர், அதாவது இருபது அடி ஆழத் தண்ணீரில் கிடைப்பதும் அதுவே. ஒரு மாணவரின் தாத்தா தம் தோட்டத்துக் கிணற்றில் இடம் கொடுத்தார். "கயித்த நான் புடிக்கிறேன், பிள்ளைங்க மேட்டுலயே நில்லுங்க" என்று சொல்லிவிட்டு, கல்லோடு சேர்த்துக் கட்டிய கடிகாரத்தைத் தாமே இறக்கினார். மேலே எடுத்தபோது அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. துடைத்து வெயிலில் வைத்த பத்தாவது நிமிடம், நான்கு மணி எண்ணுக்கு அருகில் கண்ணாடியின் உட்புறத்தில் நகக்கண் அளவுக்கு வெண்மையாகப் பனித்தது. பிறகு அது மெல்ல மூன்று மணிப் பக்கம், சாவித் திருகை நோக்கிப் படர்ந்தது. எங்கள் நோட்டில் எழுதிய எல்லைப்படி அது தோல்வி, அப்படியே பதிவு செய்தோம். தருமபுரி வாட்ச் மெக்கானிக் ஒருவரிடம் கொடுத்தபோது, திருகுக்குள்ளிருந்த ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருப்பதைச் சிமிட்டாவால் எடுத்துக் காட்டினார். வளையத்தை மாற்றிய பின் வெப்பத்திலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும். கிணற்றுச் சோதனையை மட்டும் திரும்பச் செய்தால் போதாது.

எல்லாவற்றையும் கடந்து வந்த கடிகாரத்தை, கடைசியாக ஒருவர் கையில் கட்டிப் பாருங்கள். நாசாவும் கருவிச் சோதனைகளோடு நிற்கவில்லை. மூன்று கடிகாரங்களையும் வீரர்களிடம் கொடுத்துப் படிக்கவும் இயக்கவும் எது எளிது என்று கேட்டது. 1970-இல் அப்போலோ 13 கலத்தின் பாதையைத் திருத்த, எஞ்சின் எரிந்த 14 வினாடிகளை ஜாக் ஸ்விகர்ட் தம் கைக்கடிகாரத்தில்தான் கணக்கிட்டார். அந்த வேளையில் முள் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தாக வேண்டும். விண்வெளி உடைக்கு ஈடாக, வெல்டிங் கடையில் கிடைக்கும் தடித்த தோல் கையுறையை மாணவர் அணியட்டும். ஸ்ட்ராப்பை நீட்டி, கையில் மடித்துச் சுற்றிய போர்வையின் மேல் கட்டுங்கள். அறையைப் பாதி இருட்டாக்கி, கையுறையோடு சாவி கொடுக்கச் சொல்லி, 14 வினாடியைக் கண்ணால் மட்டும் எண்ணச் சொல்லி, கைபேசியின் ஸ்டாப் வாட்ச்சோடு ஒப்பிட்டு, பத்து முறை எடுத்த அளவுகளையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள்.