பேக்கப் இருக்குன்னு நம்பி நாம பண்ற தப்புங்க

எங்க வீட்டு மொய் நோட்டு இப்ப நோட்டு இல்லைங்க, எஸ்கியூலைட் (SQLite) டேட்டாபேஸ், அதாவது மொத்தக் கணக்கையும் ஒரே ஃபைல்ல வைக்கிற சின்ன சாஃப்ட்வேர். யாரு என்ன செஞ்சாக, எந்தக் கோயிலைச் சேந்த குடும்பம், எந்த ஊருன்னு 2,000 பேருக்கு மேல நானே உக்காந்து டைப் அடிச்சது, அதுபோக பூட்டிக் கெடக்குற அறையில இருக்க பித்தளை, மங்குச் சாமான் லிஸ்ட்டும் அதுலதான். ஐப்பசி மாசம் ஒரு இடி, சார்ஜ்ல கெடந்த லேப்டாப் போச்சு. நான் பதறவே இல்ல, தம்பி கல்யாணம் முடிஞ்ச மறுநாளே பென்டிரைவ்ல காப்பி போட்டு வச்சிருந்தேன். போட்டுப் பாத்தா ஃபைல் ஜம்முன்னு தொறக்குது, பழசெல்லாம் இருக்கு, தம்பி கல்யாண மொய் மட்டும் ஒரு வரி கூட இல்ல.

காரணம் தெரிய ரெண்டு நாளாச்சு. எஸ்கியூலைட்ல வால் (WAL) மோடுன்னு ஒண்ணு இருக்கு, அதை ஆன் பண்ணிருந்தா புதுசா எழுதுறது நேரா மெயின் ஃபைலுக்குப் போகாது, பக்கத்துலயே அதே பேர்ல கடைசியில -walனு முடியுற இன்னொரு ஃபைல்ல சேரும், 1,000 பேஜ், அதாவது சுமாரா 4 எம்பி சேந்தாத்தான் உள்ள தள்ளும், இல்லைன்னா ஆப்பை ஒழுங்கா மூடணும். முன்னூத்திச் சொச்சம் பேரோட மொய் 4 எம்பி வருமா? நான் ஆப்பை மூடாமலே மெயின் ஃபைலை மட்டும் இழுத்துப் போட்டிருக்கேன். அதனால ஓடிக்கிட்டிருக்க டேட்டாபேஸை சாதா ஃபைல் மாதிரி காப்பி பண்ணாதீங்க. எஸ்கியூலைட்லயே பேக்கப் கமாண்டு இருக்கு, 2019ல வந்த 3.27 வெர்ஷன்லேர்ந்து வேக்யூம் இன்டூ (VACUUM INTO) கமாண்டும் இருக்கு, ரெண்டுமே ஆப் தொறந்திருந்தாலும் முழுசா எடுக்கும். நீங்க வச்சிருக்கறது வேற டேட்டாபேஸ்னா, மைஎஸ்கியூலுக்கு மைஎஸ்கியூல்டம்ப் (mysqldump), போஸ்ட்கிரெஸுக்கு பிஜிடம்ப் (pg_dump), மொத்த டேட்டாவையும் ஒரு ஃபைலா (டம்ப்) எடுத்துக் குடுக்கும். காசு குடுத்து சாஃப்ட்வேர் வாங்குறது நம்ம சைஸுக்குத் தேவையே இல்லைங்கிறது என் அபிப்பிராயம்.

அடுத்தது, கூகுள் டிரைவ்ல சிங்க் ஆகுதே, அது போதாதான்னு கேக்குறவங்க. சிங்க் வேற, பேக்கப் வேற. ஒருநாள் ராத்திரி ஒரே ஒரு ஆளோட ஊரை மாத்த அப்டேட் கமாண்டு அடிச்சேன், யாருக்கு மட்டும்னு சொல்ற வேர் (WHERE) கண்டிஷனை மறந்துட்டேன், பர்மா போன பங்காளியிலேர்ந்து பள்ளத்தூர் அயித்தை வரைக்கும் அத்தனை பேரும் தேவகோட்டைக்காரவுக ஆயிட்டாக. தப்பு நடந்த கொஞ்ச நேரத்துல அதே தப்பு டிரைவுக்கும் இன்னொரு கம்ப்யூட்டருக்கும் போய்ச் சேந்துருச்சு. அழிச்ச ஃபைலும் டிரைவ் ட்ராஷ்ல 30 நாள்தான் இருக்கும். ஃபைல் பேர்ல தேதி போட்டு பழைய காப்பிகளைத் தனித்தனியா வச்சுக்கிறதுதான் நல்லது. நான் ஏழு நாளைக்கு ஏழு, மாசத்துக்கு ஒண்ணுன்னு ஒரு வருஷத்துக்கு வச்சிருக்கேன், மொத்தமும் ஒரு சினிமா சைஸ் கூட வரல.

தமிழ்ல டேட்டா வச்சிருக்கவங்களுக்குன்னே ஒரு வம்பு இருக்கு. கமாண்டு அடிக்கிற விண்டோஸ் பவர்ஷெல்ல டம்ப்பை அம்புக்குறி (>) போட்டு ஃபைலுக்குத் திருப்பி விட்டா அது யூடிஎஃப் 16ங்கிற வேற எழுத்து முறையில எழுதிருது, திருப்பி ஏத்துறப்ப ஏறாது, தமிழ் எழுத்தும் கந்தலாகிருது. மைஎஸ்கியூல்டம்ப்ல ரிசல்ட் ஃபைல் ஆப்ஷன் குடுத்தா இந்தத் தொல்லை இல்ல. கமா போட்டுப் பிரிச்ச சிஎஸ்வி (CSV) ஃபைலா எடுத்து எக்செல்ல தொறந்து சேவ் பண்றவங்க இன்னும் மோசம், 04565ன்னு ஆரம்பிக்குற காரைக்குடி லேண்ட்லைன் நம்பர்ல எல்லாம் முன்னாடி இருக்க சைபர் காணாமப் போயிரும்.

எங்க வைக்கிறதுங்கிறது பெரிய விஷயமில்ல, ஆனா எல்லாரும் கோட்டை விடுறது அங்கதான். லேப்டாப்லயே எப்பவும் சொருகி வச்ச ஹார்ட் டிஸ்க்கை ரான்சம்வேர், அதான் ஃபைலைப் பூட்டிட்டுப் பணம் கேக்குற வைரஸ், சேத்தே பூட்டிரும், இடி விழுந்தா அதுவும் சேந்தே போகும். பர்மா, மலாயாவுல கடை வச்சிருந்த காலத்துல அங்க இருக்க ஏஜென்ட் ஐந்தொகை (வரவு செலவு, இருப்புக் கணக்கு) போட்டு ஊருல இருக்க முதலாளிக்கு அனுப்புவாரு, கணக்கு ரெண்டு எடத்துல இருக்கும். நானும் இப்ப ஒண்ணு ஊரு வீட்டுப் பெட்டகத்துல, ஒண்ணு சென்னையில அண்ணன் வீட்டுல, ஒண்ணு பாஸ்வேர்டு போட்டு கிளவுட்ல வச்சிருக்கேன். அந்தப் பாஸ்வேர்டை அதே டேட்டாபேஸுக்குள்ள எழுதி வச்சிராதீங்க, சாவியைப் பெட்டகத்துக்குள்ள போட்டுப் பூட்டுன கதைதான்.

எடுத்த பேக்கப்பைத் தொறந்தே பாக்காம இருக்கிறதுதான் பெருந்தப்பு. மத்தவங்க புரோகிராம் கோடைப் பாதுகாத்து வைக்கிற கிட்லேப் (GitLab) மாதிரி கம்பெனியே 2017 ஜனவரி 31ல மாட்டுச்சு, தப்பான சர்வர்ல டேட்டாவ அழிச்சுட்டு பேக்கப்பைத் தேடுனா, பிஜிடம்ப் பழைய வெர்ஷன்ல ஓடிக்கிட்டிருந்ததால ஃபெயில் ஆகிட்டே வந்திருக்கு, அதைச் சொல்லிப் போன மெயிலும் போய்ச் சேரல. எதேச்சையா 6 மணி நேரத்துக்கு முன்னாடி எடுத்த ஒரு காப்பிதான் காப்பாத்துச்சு. மாசத்துல ஒருநாள் பேக்கப்பை வேற கம்ப்யூட்டர்ல ஏத்தி, மொத்தம் எத்தனை வரின்னு எண்ணி, கடைசியா போட்ட பேரு இருக்கான்னு பாருங்க. ஃபைல் கெட்டுப் போயிருக்கான்னு பாக்குற இன்டெக்ரிட்டி செக் ஓகேன்னு சொல்றதை மட்டும் நம்பாதீங்க, என் பென்டிரைவ் ஃபைலுக்கும் அது ஓகேன்னுதான் சொல்லுச்சு.

தம்பி கல்யாண மொய் கிடைச்சிருச்சுங்க. பந்தல்ல வச்சு எழுதுன பேப்பர் நோட்டை ஆத்தா தூக்கிப் போடாம அலமாரியில வச்சிருந்தாக, எண்ணெய்க் கறையோட. முன்னூத்திப் பன்னெண்டு பேரு, மறுபடியும் மொதல்லேர்ந்து அடிச்சேன்.