பி.எம். கிசான் பணம் எங்கே போய் நிற்கிறது?

"இந்தத் தவணையும் வரல" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, "ஆதாரைக் கடைசியா எந்த பேங்க்ல கொடுத்தீங்க?" என்பதுதான். பி.எம். கிசான் என்பது நிலமுள்ள விவசாயிகளுக்கு மத்திய அரசு தரும் உதவித்தொகை. ஆண்டுக்கு 6,000 ரூபாய், நாலு மாதத்துக்கு ஒருமுறை 2,000. அந்தப் பணம் நாம் பதிவின்போது கொடுத்த பாஸ்புக் எண்ணைத் தேடி வருவதில்லை, ஆதாரைத் தேடி வருகிறது. மானியம் பெற ஆதார் கடைசியாக எந்த வங்கியோடு இணைந்ததோ, அங்கே போய் உட்கார்ந்துவிடும்.

என் பெரியப்பா இரண்டு தவணை வரவில்லை என்று நடையாய் நடந்தார். பணம் வந்துதான் இருந்தது, நகைக்கடனுக்காக டவுனில் திறந்த இன்னொரு கணக்கில். அங்கே காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதில் ஒன்று மானியத்தை இந்தக் கணக்குக்கு மாற்றும் ஒப்புதல். கணக்கில் ஆதார் எண் ஏறுவது வேறு, எந்த ஆதாருக்கு எந்த வங்கி என்று வைத்திருக்கும் என்.பி.சி.ஐ. (தேசியப் பணப்பரிமாற்ற நிறுவனம்) பட்டியலில் அந்த வங்கி ஏறுவது வேறு. "லிங்க் ஆயிருச்சு" என்ற பதிலோடு திரும்பிவிடாதீர்கள், "மானியம் இதுலதான் வருமா?" என்று கேளுங்கள். ஆதார் இணையதளத்தில் நாமே பார்த்துக்கொள்ளவும் முடியும்.

அடுத்த சிக்கல் பட்டா. அப்பா போய்ப் பல வருஷம் ஆகியிருக்கும், பட்டா மட்டும் அவர் பெயரிலேயே கிடக்கும். உழுவது நாம்தான் என்பது இங்கே செல்லாது, நிலம் யார் பெயரில் என்பதுதான் கணக்கு. குத்தகைக்கு உழுபவருக்குப் பணம் இல்லாததும் இதனால்தான். எனக்கு ஒப்பாத விதி, ஆனால் விதி அதுதான். 2019 பிப்ரவரி 1-க்குப் பிறகு விலைக்கு வாங்கிய நிலத்துக்கும் கிடையாது. உரிமையாளர் இறந்து வாரிசாக வந்த நிலம் என்றால் உண்டு. ஆகவே பட்டா மாறுதலைத் தள்ளிப்போடக் கூடாது. இறந்தவரின் ஏ.டி.எம். கார்டை வைத்து அவர் பெயரில் வரும் தவணையை எடுத்துக்கொண்டிருப்பது இன்னும் மோசம், திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.

அஞ்சு ஏக்கருக்கு மேல் இருந்தால் கிடையாது என்று இன்றும் சிலர் விண்ணப்பிக்காமல் இருக்கிறார்கள். அந்த வரம்பை 2019-லேயே எடுத்துவிட்டார்கள். ஆனால் கணவன், மனைவி, சிறு பிள்ளைகள் சேர்ந்து ஒரே குடும்பம். ஆளுக்கொரு பட்டா இருக்கிறது என்று இருவரும் வாங்கக் கூடாது. வருமான வரி கட்டுபவருக்கும், மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ ஓய்வூதியம் வாங்குபவருக்கும் தகுதி இல்லை (கடைநிலை ஊழியராக இருந்தவருக்கு விலக்கு உண்டு).

தகுதியில்லாமல் புரோக்கர் மூலம் நுழைந்தால் என்ன ஆகும் என்பதை 2020-ல் கடலூர், விழுப்புரம் பக்கம் பார்த்தோம். தமிழ்நாடு முழுக்க ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட தகுதியற்ற பெயர்கள் பட்டியலில் ஏறியிருந்தன. சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது, பணத்தையும் திரும்ப வசூலித்தார்கள்.

இ-கேஒய்சி (பணம் வாங்குவது நாம்தான் என்று ஆதார் வழியே உறுதிசெய்வது) முடிக்க ஆதாரில் உள்ள செல் நம்பருக்கு ஓ.டி.பி. வரும். நம்பர் மாறியிருந்தால் இ-சேவை மையத்தில் கைரேகை வைக்கலாம். களை பறித்துத் தேய்ந்த விரலை மெஷின் எடுக்காவிட்டால், திட்டத்தின் செயலியில் முகத்தைக் காட்டியே முடிக்கலாம். அந்தச் செயலியை பிளே ஸ்டோரிலிருந்து மட்டும் இறக்குங்கள். வாட்ஸ்அப்பில் "பி.எம். கிசான்" என்று வரும் ஏ.பி.கே. கோப்பை (போனில் செயலியை ஏற்றும் கோப்பு) தொட்டால் கணக்கே காலியாகலாம்.

பெரியப்பா கடைசியில் டவுன் வங்கிக்குப் போய் அந்த இரண்டு தவணையை எடுத்தார். குறைந்தபட்ச இருப்பு இல்லையென்று அதிலும் கொஞ்சம் பிடித்திருந்தார்கள்.