மண்ணைக் கிளறாத மாடித் தோட்டம்: தொட்டியைத் தேர்ந்தெடுப்பதும் செய்வதும்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என கேரள-தமிழ்நாடு எல்லையை ஒட்டி வாழும் நம் வீடுகளில் மாடித் தோட்டம் புதிதல்ல. மண்ணைக் கிளறாமல் தொடர்ந்து பயிர் செய்யும் முறைதான் பலருக்கும் புதிது. ஒவ்வொரு பருவத்துக்கும் பையைக் கவிழ்த்து, மண்ணை உதிர்த்து, உரம் கலந்து மறுபடி நிரப்பும் வழக்கத்தை இம்முறையில் கைவிடுகிறோம். காய்ப்பு முடிந்த செடியை மண் மட்டத்தில் அறுத்துவிட்டு வேரை உள்ளேயே மக்க விடுகிறோம். மேலே வைக்கோல், காய்ந்த இலை போன்றவற்றால் மூடாக்கு இட்டு, அடுத்த நாற்றை அருகில் நடுகிறோம். மக்கிய வேர்கள் விட்டுச்செல்லும் துளைகளும், வேர்ப் பூஞ்சைகளின் இழைகளும், மண்புழுக்களின் வழிகளும் கலையாமல் இருப்பதே இம்முறையின் பலம்.

ஒருமுறை நிரப்பிய தொட்டியை ஆண்டுக்கணக்கில் காலி செய்யப்போவதில்லை என்பதால், தொட்டியைப் பற்றிய முடிவு விதையைப் பற்றிய முடிவைவிட முக்கியமானது. பையில் மண் சரியில்லையென்றால் அடுத்த பருவத்தில் மாற்றிக்கொள்ளலாம். இங்கே கொள்ளளவு குறைந்தாலும், வடிகால் தவறினாலும், பக்கப்பலகை உளுத்துப்போனாலும், உருவாகி வந்த மண்ணையே கலைக்க வேண்டியதாகிவிடும்.

முதலில் கொள்ளளவைத் தீர்மானியுங்கள். பத்து, பதினைந்து லிட்டர் பைகளில் இம்முறை நிலைக்காது. சிறிய அளவு மண் பகலில் சுட்டு, இரவில் குளிர்ந்து, ஒரு நாள் நீர் தவறினாலே வறண்டுவிடும். அந்த ஏற்ற இறக்கத்தில் மண்புழு தங்குவதில்லை. ஒரு தொட்டிக்கு 60 லிட்டர் என்பதைக் கீழெல்லையாகக் கொள்ளலாம். நூறு லிட்டருக்கு மேல் போனால் மண் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளத் தொடங்கும். ஆகவே ஒரே அளவு மண்ணைப் பத்துப் பைகளில் பிரித்து வைப்பதைவிட ஒரே பாத்தியாக வைப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

ஆழத்தைப் பொறுத்தவரை, எந்தத் தொட்டியிலும் நீர் வடிந்த பிறகு அடியில் ஓர் அடுக்கு மண் தெப்பமாக நனைந்தே இருக்கும். அந்த அடுக்கின் உயரம் மண் கலவையின் தன்மையைப் பொறுத்ததே தவிரத் தொட்டியின் ஆழத்தைப் பொறுத்ததல்ல. எனவே ஆழம் குறைந்த தொட்டியில் வேருக்குக் கிடைக்கும் காற்றோட்டமான மண்ணின் பங்கு குறைந்துபோகிறது. அடியில் ஜல்லி போட்டால் நீர் வடியும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. உண்மையில் அந்த ஈர அடுக்கு ஜல்லிக்கு மேலே ஏறி உட்கார்ந்து, வேருக்கு இருக்கும் இடத்தையே குறைக்கிறது. ஜல்லியைத் தவிர்த்து, 12 முதல் 15 அங்குலம் வரை மண்ணாகவே நிரப்புங்கள்.

எடை விஷயத்தில் அலட்சியம் கூடாது. நனைந்த தொட்டிக் கலவை லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ எடை இருக்கும். தோட்டத்து மண்ணை மட்டும் நிரப்பினால் அதைவிடக் கணிசமாகக் கூடும். நான்கு அடி நீளம், இரண்டு அடி அகலம், ஒன்றேகால் அடி ஆழமுள்ள பாத்தி பத்துக் கன அடி, அதாவது சுமார் 283 லிட்டர் கொள்ளும். அது நிற்கும் எட்டுச் சதுர அடியில் ஒரு சதுர மீட்டருக்கு 380 கிலோ அளவுக்குப் பாரம் இறங்கும். ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்கு இந்தியத் தர விதி 875 குறிப்பிடும் பயன்பாட்டுப் பாரமோ சதுர மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன், ஏறத்தாழ 150 கிலோதான். ஆகவே பாத்தியைத் தளத்தின் நடுவில் வைக்கக் கூடாது. கீழே சுவரோ உத்திரமோ ஓடும் கோட்டின் மேல், அதற்கு இணையாக வைக்க வேண்டும். இரண்டாவது பாத்தியை முதலாவதற்கு அருகிலேயே நெருக்காமல் வேறொரு சுவரின் மேல் அமைக்க வேண்டும். மரக்கட்டைகளின் மேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் தளமாக இருந்தால், கட்டடப் பொறியாளர் ஒருவர் நேரில் பார்த்துச் சொல்லும்வரை மாடியில் எதையும் ஏற்றாமல், திண்ணையிலோ கூரையிட்ட முற்றத்திலோ தொடங்குங்கள்.

எந்தப் பொருளில் செய்வது என்பதில் நம் பகுதியின் காற்றுக்கும் ஒரு பங்கு உண்டு. கார்த்திகை முதல் மாசி வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து வீசும் வறண்ட காற்று, ஈரத்தை மேலிருந்து மட்டுமன்றிப் பக்கவாட்டிலிருந்தும் உறிஞ்சிவிடும். துணிப் பைகளில் வேர் நுனி காற்றுப்பட்டுக் காய்ந்து, உட்புறம் புதிய கிளைவேர்கள் பிரியும் என்பது உண்மையான நன்மைதான். ஆனால் அதே காற்றோட்டம் மார்கழியில் பையின் ஓரத்து மண்ணை நான்கு விரற்கடை ஆழத்துக்கு உலர்த்திவிடுகிறது. துணிப் பையை விரும்புவோர் அதைச் சுற்றிச் சாக்கு கட்டலாம், அல்லது பைகளை ஒன்றோடொன்று நெருக்கி வைக்கலாம். மலிவான பாலித்தீன் பைகள் வெயிலில் நொறுங்கிவிடும் என்பதால் இம்முறைக்கு உதவா. தெர்மகோல் மீன் பெட்டி எடை குறைந்ததாயினும் வெயிலில் உதிர்ந்து மண்ணோடு கலக்கும், அதையும் தவிர்க்கலாம்.

குறைந்த செலவில் வேண்டுவோருக்கு 200 லிட்டர் நீல டிரம் ஏற்றது. நீளவாக்கில் இரண்டாக அறுத்தால் ஒவ்வொன்றும் நூறு லிட்டர் கொள்ளும் தொட்டியாகும். உணவுப் பொருள் வந்த டிரம்தானா என்று கேட்டு வாங்குங்கள். மருந்தோ ரசாயனமோ இருந்த டிரம்மை எவ்வளவு கழுவினாலும் பயன்படுத்தக் கூடாது. அடிவளைவில் ஒரு சாண் இடைவெளிக்கு ஒன்றாகச் சுண்டுவிரல் பருமனில் துளையிட்டு, உருளாமல் இருக்க இருபுறமும் மரச்சட்டம் கொடுத்தால் போதும். வளைந்த அடிப்பகுதியால் ஆழம் ஓரங்களில் குறைவதால் நடுவில் கத்தரி, மிளகாய், தக்காளியும் ஓரத்தில் கீரையும் வைக்கலாம்.

நிலைத்து நிற்கும் பாத்திக்கு மரப்பெட்டியே என் தேர்வு. நம் பக்கத்து வரப்புகளில் நிற்கும் பனையின் வைரம் பாய்ந்த பலகை இழைப்பதற்குக் கடினமென்றாலும் ஈரத்தைத் தாங்கும். ரப்பர் மரம் மலிவாகக் கிடைக்கும். பதப்படுத்தாததை வாங்கினால் பூச்சியும் பூஞ்சையும் விரைவில் பிடித்துவிடும். வெளிப்புறத்துக்கு முந்திரி ஓட்டு எண்ணெயோ ஆளி விதை எண்ணெயோ பூசி நன்றாகக் காய விடுங்கள். முந்திரி ஓட்டு எண்ணெய் தோலைப் புண்ணாக்கும் என்பதால் கையுறை அவசியம். வண்டியில் வடித்த பழைய எஞ்சின் ஆயிலைப் பூசுவது நம்மிடையே சாதாரணமாக இருக்கிறது. அதில் உலோகக் கழிவு கலந்திருக்கும், உணவு விளையும் பெட்டிக்கு அது வேண்டவே வேண்டாம்.

பெட்டியின் நான்கு மூலைகளிலும் இரண்டு அங்குலச் சதுரக் கால்களை உட்புறமாக நிறுத்தி, பலகைகளை வெளியிலிருந்து துருப்பிடிக்காத திருகாணியால் முடுக்குங்கள். ஈர மண் பக்கங்களைத் தள்ளும் என்பதால், நான்கு அடி நீளப் பெட்டிக்கு நடுவில் குறுக்காக ஒரு திருகுக் கம்பி போட்டு இருபுறமும் வாஷர் வைத்து இறுக்க வேண்டும். அடிப்பலகைகளுக்கிடையே ஒரு விரல் இடைவெளி விட்டு, கீழே குறுக்குச் சட்டங்கள் கொடுத்து, பெட்டி முழுவதும் தளத்திலிருந்து நான்கு அங்குலம் உயர்ந்து நிற்கும்படி செங்கல் வரிசைமேல் அமர்த்துங்கள். அந்த இடைவெளி இல்லாவிட்டால் தளத்தில் பாசி பிடிக்கும், அடியில் காற்று புகாது, கசிவு எங்கே என்றும் தெரியாது. உட்பக்கங்களுக்கு மட்டும் தடித்த பாலித்தீன் விரித்து, அடிக்கு நிழல்வலையும் அதன்மேல் நெய்யாத ஜியோடெக்ஸ்டைல் துணியும் இடுங்கள். துணி மண்ணைப் பிடித்துக்கொண்டு நீரை விடும். பாலித்தீன் பக்கக் காற்றையும் பலகையின் ஈரத்தையும் தடுக்கும். நிரப்புவதற்கு முன் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, அது எல்லா இடைவெளிகளிலும் சீராக வடிகிறதா என்று குனிந்து பாருங்கள்.

கிளறப்போவதில்லை என்பதால், காற்றோட்டம் தரும் பொருள் மக்கிப்போகாததாக இருக்க வேண்டும். பச்சை உமி நாளடைவில் மக்கி மண் இறுகிவிடும். உமிக்கரியும் பட்டாணி அளவில் உடைத்த சிரட்டைக்கரியும் நீடித்து நிற்கும். மேற்சொன்ன பெட்டிக்கு நூறு லிட்டர் தென்னை நார்க்கழிவு, எண்பது லிட்டர் மண்புழு உரம், அறுபது லிட்டர் கரி, நாற்பது லிட்டர் செம்மண், இரண்டு கிலோ வேப்பம் புண்ணாக்கு என்ற அளவில் கலக்கலாம். பொள்ளாச்சிப் பக்கம் தாராளமாகக் கிடைக்கும் நார்க்கழிவில் உப்பு இருக்கும். நல்ல நீரில் ஊறவைத்து இரண்டு மூன்று முறை வடித்த பிறகே சேர்க்க வேண்டும். கலவையை அழுத்தாமல், ஒரு சாண் நிரப்பி நீர் தெளித்து, மீண்டும் நிரப்புங்கள். முதல் சில மாதங்களில் மட்டம் இறங்கும். அப்போது தோண்டாமல் மேலே மண்புழு உரத்தைத் தூவி ஈடு செய்தால் போதும்.

உடனே காய்கறி நட வேண்டாம். தட்டைப்பயறோ கொள்ளோ விதைத்து, பூப்பதற்கு முன் அறுத்து அங்கேயே பரப்பி, அதன்மேல் வைக்கோலோ காய்ந்த இலையோ நான்கு விரல் உயரத்துக்கு மூடுங்கள். மூடாக்கு செடியின் தண்டைத் தொடக் கூடாது. முள்ளங்கி, சேனை, மரவள்ளி போன்றவற்றைப் பிடுங்கும்போது மண் புரளும்; அவற்றுக்குத் தனிப் பை வையுங்கள்.

நம் பாலக்காடு மாவட்டச் சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பகுதி மழை குறைந்தது. ஆழ்குழாய் நீரை நம்பியே பாய்ச்சுகிறோம். அந்நீரின் உப்பு, காலி செய்யாத தொட்டியில் சிறிது சிறிதாகச் சேரும், மழை மறைப்புக் கூரைக்குள் இருந்தால் இன்னும் விரைவாக. ஆடி மழையில் ஓரிரு நாள் கூரை ஷீட்டை விலக்கியோ, பிடித்து வைத்த மழைநீரை ஊற்றியோ, அடியில் நன்றாக வடியும்வரை மண்ணைக் கழுவி விடுங்கள்.

எப்போதாவது ஒரு பலகை உளுத்தால் பெட்டியைக் காலி செய்யத் தேவையில்லை. இரண்டு நாள் நீரை நிறுத்தி மண்ணை இறுக விட்டு, அந்த ஒரு பலகையின் திருகாணிகளை மட்டும் வெளியிலிருந்து கழற்றுங்கள். உள்ளே இருக்கும் பாலித்தீன் மண்ணைத் தாங்கி நிற்கும்போதே புதிய பலகையை அதே துளைகளில் முடுக்கிவிடலாம்.