இம்பிளான்ட் பிரிட்ஜுக்கு எவ்வளவு ஆகும்? மதிப்பீட்டுச் சீட்டைப் படிக்கும் முறை

வரிசையாக மூன்று பற்களை இழந்த ஒருவர் இரண்டு மூன்று பல் மருத்துவமனைகளில் விலை விசாரித்தால், ஒரே வாய்க்கு ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத தொகைகளைக் கேட்க நேரிடும். ஓரிடத்தில் சொன்னது மற்றோர் இடத்தில் சொன்னதில் பாதியாக இருந்தால், முதலாமவர் மலிவானவர் என்றோ இரண்டாமவர் கொள்ளையடிக்கிறார் என்றோ உடனே முடிவு கட்டிவிடக் கூடாது. பல நேரங்களில், ஒருவர் தாடையில் பதிக்கும் திருகுக்கு மட்டும் விலை சொல்லியிருப்பார். மற்றவர் பல் கட்டி முடியும் வரைக்குமான முழுத் தொகையைச் சொல்லியிருப்பார்.

எனவே, விலையைக் கேட்பதற்கு முன் பாகங்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். தாடை எலும்புக்குள் பதிக்கப்படும் டைட்டானியம் திருகுதான் இம்பிளான்ட். அதன்மேல் பொருத்தப்பட்டு, ஈறுக்கு வெளியே நீண்டு நின்று பல்லைத் தாங்கும் இணைப்புத் துண்டு அபட்மென்ட். அதற்கும் மேலே உட்காரும், ஒன்றோடொன்று இணைத்துச் செய்த பற்களின் தொகுப்புதான் பிரிட்ஜ். இம்பிளான்ட்டும் அபட்மென்ட்டும் எத்தனை பதிக்கப்படுகின்றனவோ அத்தனைக்கும், பிரிட்ஜ் எத்தனை பற்கள் கொண்டதோ அத்தனைக்கும் கணக்கிடப்படுகின்றன; பல் கணக்கை மருத்துவமனைகளிலும் பல் செய்து தரும் லேப்களிலும் யூனிட் என்பார்கள். மதிப்பீட்டுச் சீட்டில் 'இம்பிளான்ட் - 30,000' என்று ஒற்றை வரி மட்டும் இருந்தால், அதில் அபட்மென்ட்டும் மேலே வரும் பல்லும் அடக்கமா என்று கேட்டு, பதிலை அதே தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். வாய்மொழியாக 'எல்லாம் சேர்த்துதான்' என்பதற்கு மூன்று மாதம் கழித்து மதிப்பிருக்காது.

இழந்த ஒவ்வொரு பல்லுக்கும் ஓர் இம்பிளான்ட் தேவையில்லை என்பதுதான் பிரிட்ஜின் பொருளாதாரம். மூன்று பற்கள் இல்லாத இடத்தில், இரு ஓரங்களிலும் இரண்டு இம்பிளான்ட்கள் பதித்து, நடுப்பல்லை அவற்றுக்கிடையே தொங்கவிடலாம். புரிவதற்காக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இங்குள்ள விலைகள் வெறும் உதாரணங்களே. ஓர் இம்பிளான்ட் ரூ.30,000, ஓர் அபட்மென்ட் ரூ.5,000, ஜிர்கோனியா என்னும் உலோகம் இல்லாத கடினப் பீங்கானில் செய்த பல் யூனிட்டுக்கு ரூ.12,000, ஸ்கேன் ரூ.3,000 என்று வைத்துக்கொண்டால், இரண்டு இம்பிளான்ட்களின் மேல் மூன்று பல் பிரிட்ஜுக்கு ரூ.1,09,000 ஆகும். மூன்று பற்களுக்கும் தனித்தனி இம்பிளான்ட் என்றால் அதே விலைகளில் ரூ.1,44,000. வித்தியாசம் ரூ.35,000, அறுவை சிகிச்சையும் ஓரிடத்தில் குறைகிறது. தனித்தனிப் பற்களுக்கிடையே சுத்தம் செய்வது எளிது என்ற அனுகூலம் உண்டுதான். அதற்காக இவ்வளவு கூடுதலாகச் செலவிட வேண்டுமா என்பதை மருத்துவரிடம் வெளிப்படையாகவே கேட்கலாம். ஆனால், பணத்தை மிச்சப்படுத்துவதற்காக ஒரு முனையை இம்பிளான்ட்டிலும் மறுமுனையைப் பக்கத்து இயற்கைப் பல்லிலும் கட்டும் யோசனையைப் பொதுவாகத் தவிர்ப்பதே நல்லது. இயற்கைப் பல் தன் வேரைச் சுற்றியுள்ள நார்களால் சற்றே அசைந்து கொடுக்கும், எலும்போடு ஒட்டிவிட்ட இம்பிளான்ட் அசையாது.

மொத்தத் தொகையை எதிர்பாராமல் ஏற்றிவிடுவது எலும்பு. பல் போன இடத்தில் தாடை எலும்பு மெல்ல மெல்லக் கரைந்து குறுகுகிறது. பல் எடுத்துப் பல ஆண்டுகள் ஆகியிருந்தால் திருகைத் தாங்கும் அகலமோ உயரமோ மிஞ்சியிருக்காமல் போகலாம். மேல்தாடையின் கடைவாய்ப் பகுதியில், அதற்கு மேலே உள்ள சைனஸ் என்னும் காற்றறையின் தளமும் தாழ்ந்து வந்திருக்கும். கீழ்த்தாடையிலோ, உதட்டுக்கும் தாடைக்கும் உணர்ச்சி தரும் நரம்பு எவ்வளவு ஆழத்தில் ஓடுகிறது என்பதைப் பார்த்தாக வேண்டும். இரு தாடைகளையும் ஒரே படத்தில் எடுக்கும் வழக்கமான ஓபிஜி எக்ஸ்ரே எலும்பின் உயரத்தைக் காட்டும், அகலத்தைக் காட்டாது. அதற்கு சிபிசிடி என்னும் முப்பரிமாண ஸ்கேன் தேவை. ஸ்கேன் எடுக்காமலே கடைசித் தொகையைச் சொல்லும் மதிப்பீட்டை நான் தோராயமானதாகவே எடுத்துக்கொள்வேன்.

எலும்பு குறைந்த இடத்தை நிரப்ப எலும்புத்தூள் வைக்க வேண்டியிருந்தால், அது அரை கிராம், கால் கிராம் என்று சிறு குப்பிகளில் வருகிறது. அதை மூடும் மெல்லிய சவ்வுக்குத் தனி விலை. எத்தனை குப்பிகள் கணக்கில் சேர்க்கப்பட்டுள்ளன, அறுவை சிகிச்சையின்போது கூடுதலாகத் தேவைப்பட்டால் எவ்வளவு சேரும் என்பதை முன்கூட்டியே கேட்டு, 'எலும்புத்தூள் இல்லாமல்', 'எலும்புத்தூளுடன்' என இரண்டு தொகைகளாக வாங்கிக்கொள்ளுங்கள். சைனஸ் தளத்தை உயர்த்தும் சிகிச்சை தனிக் கட்டணம் கொண்டது. காத்திருக்கும் மாதங்களையும் கூட்டும்.

மேலே வரும் பல்லின் பொருளில் உங்களுக்குத் தேர்வு உண்டு. உலோகத்தின்மேல் பீங்கான் பூசியது விலை குறைவு, ஜிர்கோனியா அதிகம். சிரித்தால் தெரியாத கடைவாய்ப் பல்லுக்கு உலோக பீங்கானே போதும் என்று மருத்துவர் சொன்னால் அதில் குறையில்லை.

திருகின் பிராண்டைப் பொறுத்தவரை, சுவிட்சர்லாந்தின் ஸ்ட்ராமன், நோபல் பயோகேர் போன்றவை விலை கூடியவை. கொரியாவின் ஆஸ்டெம், இஸ்ரேலின் அடின் போன்றவை அவற்றைவிடக் குறைந்த விலையில் பரவலாகப் பயன்படுகின்றன. ஸ்வீடனில் மருத்துவர் பிரோன்மார்க் 1965-இல் முதல் நோயாளிக்கு டைட்டானியம் திருகுகளைப் பதித்த காலத்திலிருந்து, டைட்டானியம் எலும்போடு ஒட்டும் என்ற அடிப்படைத் தத்துவம் மாறவில்லை. ஆகவே விலை உயர்ந்ததுதான் நிற்கும் என்பதில்லை. பத்து, பதினைந்து ஆண்டுகள் கழித்தும் உதிரிபாகம் கிடைக்கும் பிராண்டாக இருக்க வேண்டும் என்பதே முக்கியம். 'ஆயுட்கால உத்தரவாதம்' என்று சொன்னால், அது எதற்கு என்று கேளுங்கள். திருகு தோற்றால் நிறுவனம் பெரும்பாலும் வேறொரு திருகு தரும். மறுபடி பதிக்கும் கட்டணமும் புதிய பிரிட்ஜின் விலையும் அதில் சேராமல் இருக்கலாம்.

பதித்த திருகு எலும்போடு ஒட்டப் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதங்கள் ஆகும்; மேல்தாடை எலும்பு மென்மையானது என்பதால் அங்கே காத்திருப்பு சற்று நீளும். இந்த இடைவெளி உங்களுக்குச் சாதகமானது: அறுவை சிகிச்சையன்று ஒரு பகுதி, அளவெடுக்கும்போது ஒரு பகுதி, பிரிட்ஜ் பொருத்தும்போது மீதி என்று தவணையாகக் கட்ட முடியுமா எனக் கேளுங்கள். சாதாரண மருத்துவக் காப்பீடுகள் விபத்தால் நேர்ந்த காயம் தவிர மற்ற பல் சிகிச்சைகளைப் பெரும்பாலும் விலக்கியே வைத்திருக்கின்றன; பாலிசியின் விலக்குப் பகுதியைப் படித்துவிட்டே அதை நம்புங்கள். செலவைக் குறைக்க வேண்டியவர்கள், முதுநிலை மாணவர்கள் பேராசிரியர்களின் மேற்பார்வையில் சிகிச்சை செய்யும் பல் மருத்துவக் கல்லூரிகளில் விசாரிக்கலாம். சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரியிலும் கேட்டுப் பார்க்கலாம். அங்கே நேரம் அதிகம் பிடிக்கும்.

பொருத்தியபின் வரும் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆண்டுதோறும் பரிசோதனையும் சுத்தம் செய்தலும் உண்டு. பிரிட்ஜுக்கு அடியில் நுழையும் சிறு தூரிகை வீட்டில் இருக்க வேண்டும். புகைபிடிப்பவர்களுக்கும் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும் திருகைச் சுற்றி எலும்பு அரிக்கும் அபாயம் கூடுதல். பிரிட்ஜ் சிமென்ட்டால் ஒட்டப்படுகிறதா, தனியாக ஒரு சிறு ஸ்க்ரூவால் முடுக்கப்படுகிறதா என்றும் கேளுங்கள். ஸ்க்ரூ முறையில், மேலே அடைத்த சிறு துளையைத் திறந்து பிரிட்ஜைக் கழற்றிப் பழுதுபார்க்கலாம். சிமென்ட் முறையில் சில சமயம் வெட்டித்தான் எடுக்க வேண்டும், அப்போது புதிய பிரிட்ஜின் செலவும் வரும்.

கடைசித் தவணையைக் கட்டும் முன், ஒவ்வொரு இம்பிளான்ட்டின் பெட்டியிலும் உரித்தெடுக்கும் வகையில் இருந்த ஸ்டிக்கரைக் கேட்டு வாங்குங்கள். நிறுவனத்தின் பெயர், திருகின் விட்டம், நீளம், தொகுப்பு எண் எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். ஊர் மாறிய பின்னரோ அந்த மருத்துவமனை மூடப்பட்ட பின்னரோ ஸ்க்ரூ தளர்ந்தால், எந்த முடுக்கியை எடுப்பது, எந்தப் பாகத்தை வரவழைப்பது என்பதைப் புதிய மருத்துவர் அந்த ஸ்டிக்கரைப் பார்த்தே அறிந்துகொள்வார்.