ரூட் பாஸ்வேர்டு நாலு பேருக்கு தெரியுமா? அப்போ யாரு என்ன பண்ணாங்கன்னு கண்டுபிடிக்க ஒரு வழி

கிண்டில ஒரு சின்ன ஆபீஸ்ல லினக்ஸ் சர்வர் பாத்துட்டிருந்தேன், அட்மின் நாலு பேரு, நாலு பேருக்கும் ஒரே ரூட் பாஸ்வேர்டு (ரூட்னா எல்லா உரிமையும் உள்ள அக்கவுண்ட்). ஒருநாள் காலைல வந்து பாத்தா பேக்கப் ஃபோல்டர் காலி, லாக்ல (சர்வர் தானே எழுதுற பதிவுல) ரூட்னு மட்டும்தான் இருக்கு. நாலு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துட்டு டீ குடிக்க போயிட்டோம், வேற என்ன பண்றது.

முதல்ல ஆளுக்கொரு அக்கவுண்ட் குடுங்க, ரூட் வேலைக்கு சுடோ (அவங்கவங்க அக்கவுண்ட்ல இருந்தே ரூட் உரிமையோட கமாண்ட் ஓட்டுற வழி). அது வேலை செய்யுதான்னு இன்னொரு விண்டோல பாத்துட்டு அப்புறமா ரூட்டோட நேரடி எஸ்எஸ்ஹெச் (தூரத்துல இருந்து சர்வருக்குள்ள வர்ற வழி) லாகின மூடுங்க, இல்லன்னா நீங்களே வெளில நிப்பீங்க. இனிமே உபுண்டுல ஆத் டாட் லாக், ரெட்ஹாட்ல செக்யூர்ங்கிற ஃபைல்ல யாரு, எப்போ, எந்த ஃபோல்டர்ல இருந்து என்ன கமாண்ட் அடிச்சாங்கன்னு ஒரே வரில வந்துடும். ஹிஸ்டரிய (அடிச்ச கமாண்டோட லிஸ்ட்ட) நம்பாதீங்க, உபுண்டுல முன்னாடி ஒரு ஸ்பேஸ் விட்டு அடிச்சாலே பதிவாகாது.

ஆனா நம்ம ஆளுங்க 'சுடோ சு' அடிச்சு ரூட்டாவே உள்ள போயிடுவாங்களே, அதுக்கப்புறம் அடிக்கிறது எதுவும் அங்க வராது. அதுக்குத்தான் ஆடிட்-டி, சிஸ்டத்துல நடக்கிறத பதிவு பண்ற சர்வீஸ். லாகின் பண்ணும்போதே ஏயுஐடின்னு ஒரு நம்பர் ஒட்டிக்கும், ரூட்டா மாறினாலும் அது மாறாது. 1004ங்கிற யூசர் நம்பரோட வந்தவரு ரூட்டாகி எதையாவது அழிச்சா யுஐடி (இப்போ இருக்கிற யூசர் நம்பர்) 0ன்னு, அதாவது ரூட்னு இருக்கும், பக்கத்துலயே ஏயுஐடி 1004, மாட்டுனாரு. ரூல் எழுதும்போது ஏயுஐடி 1000 இல்ல அதுக்கு மேல, ஈயுஐடி (எந்த யூசரோட உரிமைல ஓடுதுங்கிற நம்பர்) 0, எக்ஸெக்-வி-இ (ப்ரோக்ராம ஓட்டச் சொல்ற) கால்னு போடுங்க. 4294967295 வர்றத விலக்கிடுங்க, அது யாரும் லாகின் பண்ணாம ஓடுற சர்வீஸ், இல்லன்னா குப்பை கொட்டும்.

லாக் அதே மெஷின்ல இருந்தா ரூட்டே அழிச்சிடலாம், திருடன் கைல சாவி குடுத்த மாதிரி. ஆடிட்-டியோட சிஸ்லாக் ப்ளகின ஆன் பண்ணி, ஆர்சிஸ்லாக் (லாக்க வாங்கி அனுப்புற ப்ரோக்ராம்) வழியா வேற மெஷினுக்கு அனுப்புங்க, அதோட பாஸ்வேர்டு இந்த நாலு பேருக்கும் தெரியக்கூடாது. எங்க ஆபீஸ்ல அக்கவுண்ட்ஸ் மேடம் பீரோல சீல் போட்ட கவர்ல இருந்துச்சு. செர்ட்-இன் (மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பு) 2022 ஏப்ரல்ல போட்ட உத்தரவுப்படி லாக்க 180 நாள் வெச்சிருக்கணும், அதனால டிஸ்க் பெருசா வாங்குங்க.

ஒண்ணு மட்டும், ஆன் பண்றதுக்கு முன்னாடியே நாலு பேருக்கும் சொல்லிடுங்க. கமாண்ட்லயே டேட்டாபேஸ் பாஸ்வேர்ட அடிக்கிற பழக்கம் யாருக்காவது இருந்தா அதுவும் அப்படியே லாக்ல போய் உக்காந்துக்கும்.